ஐம்பது சுருக்குப்பைகள்: செண்டாயில் படித்த ஒரு மாணவியின் கொகின் தையல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் மாணவிக்கு அப்போது வயது 24. சொந்த ஊர் ஈரோடு மாவட்டம், சென்னிமலைப் பக்கம். அப்பா கைத்தறி நெசவாளர், போர்வை நெய்கிறார். அம்மா தையல்காரர். முதுகலைப் படிப்புக்காக 2022 அக்டோபரில் ஜப்பானின் செண்டாய் நகருக்கு வந்தார். பெயர் வேண்டாம் என்றார். எழுதுவதற்குச் சம்மதம் தந்தார்.

நான் அதே நகரில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தைப்போம். அவரும் வரத் தொடங்கினார். ஊரிலிருந்து தையல் மெஷின் கொண்டுவந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. இங்கே மின்சாரம் 100 வோல்ட், நம்மூர் மோட்டார் 230 வோல்ட்டுக்கானது. அதனால் என் மெஷினையே பயன்படுத்தினார். சிறு வயதிலிருந்து மிதிமெஷினில் பழகியவர் என்பதால் கை சுத்தம்.

அவருடைய வாரக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதைச் சுற்றித்தான். வகுப்பும் ஆய்வகமும் போக, உணவு தயாரிக்கும் இடம் ஒன்றில் வாரம் 16 மணி நேரம் பகுதிநேர வேலை. மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அவர் அந்த வரம்பைத் தொடவில்லை. அப்படியும் கைவேலைக்கென்று மிஞ்சியது வாரம் ஏறக்குறைய 6 மணி நேரம்தான்.

பிப்ரவரிப் பயணம்

2023 பிப்ரவரியில் நானும் அவரும் அவோமோரி மாகாணத்தில் உள்ள ஹிரோசாகி நகருக்குப் போனோம். செண்டாயிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய நாலரை மணி நேரம். வடக்கே போகப் போகச் சாலையின் இரு பக்கமும் பனிச் சுவர் உயர்ந்துகொண்டே வந்தது. கோட்டைப் பூங்காவில் பனியில் விளக்குகள் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் நாங்கள் போனது கொகின் பார்க்க.

கொகின் என்பது அந்த ட்சுகரு பகுதியின் ஊசி வேலை. கருநீலச் சணல் வகைத் துணியில் வெள்ளைப் பருத்தி நூலை இழை எண்ணி ஓட்டுவது. அதன் தொடக்கம் அழகுக்காக அல்ல. பருத்தி விளையாத குளிர்ப் பிரதேசம் அது. 1724இல் வந்த சிக்கன ஆணை உழவர்கள் பருத்தி ஆடை உடுத்துவதைத் தடுத்தது. அவர்களுக்குக் கிடைத்ததோ காற்று புகும் நார்த்துணி. அதன் இடைவெளிகளைப் பெண்கள் நூலால் அடைத்தார்கள். துணி தடித்தது, சூடு தங்கியது, தோள்பட்டையில் சுமை அழுத்தியும் கிழியவில்லை. 1894இல் ரயில் ஹிரோசாகி வரை வந்த பிறகு மலிவான பருத்தித் துணி கிடைத்தது, கொகின் தேய்ந்தது. நாட்டார் கைவினை இயக்கத்தின் யானாகி முனேயோஷி போன்றவர்கள் பின்னர் அதன் அருமையைச் சொன்னார்கள். இன்று ஹிரோசாகியில் அதற்கென்றே ஒரு ஆய்வகம் இயங்குகிறது. அது இருக்கும் கட்டடமும் பெயர் பெற்றது, கட்டடக் கலைஞர் மாயெகாவா குனியோ 1932இல் கட்டியது.

எழுபது வயதைக் கடந்த ஒரு அம்மாவிடம் ஒரு நாள் பயிற்சி எடுத்தோம். சென்செய், அதாவது ஆசிரியர், என்று அழைத்தோம். கொகினில் ஊசி ஒற்றைப்படை எண்ணிக்கையில் இழைகளைத் தாண்டுகிறது: 1, 3, 5, 7, மறுபடி 5, 3, 1. மாணவி உடனே, "அக்கா, இது நேர்ப்புள்ளிக் கோலம்தானே!" என்றார். அதே வரிசைதான். வடிவங்களுக்கு 'மொதோகோ' என்று பெயர். பூனைக் கண், சின்ன அவரை, வால்நட் ஓடு என வீட்டைச் சுற்றி இருப்பவற்றின் பெயர்களே அவற்றுக்கும். கோலம் போட்டுப் பழகிய கை என்பதால் மாலைக்குள் பூனைக் கண்ணைப் பிழையில்லாமல் முடித்துவிட்டார். அன்று பயன்படுத்தியது பயிற்சிக்கென்றே நெய்த பெரிய இழைத் துணி. அதை நாங்கள் இருவருமே கவனத்தில் வைக்கவில்லை.

கொடுத்த வாக்கு

ஏப்ரலில் பெரியப்பா மகளின் திருமணம் ஆவணியில் என்று நிச்சயமானது. சொந்தங்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க, கொகின் வேலை செய்த 50 சுருக்குப்பைகள் தைத்து எடுத்து வருகிறேன் என்று மாணவி வீட்டில் சொல்லிவிட்டார். ஜப்பானியர்களிடமும் சுருக்குப்பை உண்டு, கிஞ்சாக்கு என்பார்கள். பாட்டி இடுப்பில் செருகியிருந்த பையும் இங்கே கடைகளில் பார்த்த பையும் ஒன்றுபோல் இருந்ததே அவருக்கு இந்த எண்ணம் வரக் காரணம். நல்ல எண்ணம் என்றுதான் எனக்கும் பட்டது. ஒரு பைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவரும் கணக்குப் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

மே முதல் வாரம் அம்மா அனுப்பிய துணி வந்தது. கருநீலக் கைத்தறிப் பருத்தி, 36 அங்குல அகலம், ஐந்தரை மீட்டர். ஒரு பைக்கு 20 செ.மீ. அகலம், 44 செ.மீ. நீளம் வேண்டும், அடியில் மடித்துத் தைப்பதற்காக. நீளவாக்கில் வெட்டினால் 48 துண்டுதான் கிடைக்கும். குறுக்குவாக்கில் வெட்டினால் 54. அவர் குறுக்கே வெட்டினார். ஒரே மதியத்தில் 50 துண்டும் தயார். துணியை வீணாக்காமல் வெட்டுவது தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பழகிய கணக்கு, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒரு துண்டைக்கூடத் தைத்தோ நனைத்தோ பார்க்காமல் ஐம்பதையும் வெட்டியதுதான் இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பம்.

முதல் துண்டில் தெரிந்தவை

முதல் துண்டு முடிய 7 மணி நேரம் ஆனது. அடுத்தடுத்த துண்டுகளுக்கு 6 மணி நேரம். அந்தத் துணியில் ஒரு செ.மீ.க்கு, நீளவாக்கில் ஓடும் பாவு இழை 18, குறுக்கே ஓடும் ஊடை இழை 15. கருநீலத்தில் அவ்வளவு நெருக்கமான இழைகளை இரவு விளக்கில் எண்ணுவது கண்ணைப் பிடுங்கும் வேலை. 8 செ.மீ. அகல வடிவத்துக்கு ஏறக்குறைய 120 வரிசை, வரிசைக்கு 3 நிமிடம். 50 பைக்கு 300 மணி நேரம். மே தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை அவரிடம் இருந்தது அதிகம் போனால் 84 மணி நேரம்.

அதைவிட அவரை வருத்தியது வடிவம். நெடிது நிற்க வேண்டிய வைரம் தட்டையாகப் படுத்திருந்தது. 8 செ.மீ. அகலத்துக்கு உயரம் ஆறரை செ.மீ.தான். காரணம் தேடி இரண்டு நாள் படத்தையே திரும்பத் திரும்ப எண்ணினார். எண்ணிக்கை சரி. கடைசியில் அம்மாவை வீடியோவில் அழைத்துக் காட்டினார். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கரை எந்தப் பக்கம்னு பாத்தியா கண்ணு?"

துணியின் கரை ஓடும் திசைதான் பாவின் திசை. கொகினில் ஊசி ஊடையின் போக்கில் ஓடி, பாவு இழைகளை எண்ணுகிறது. அந்தத் துணியில் பாவு நெருக்கம், ஊடை கொஞ்சம் தளர்வு. அதனால் பாவு மேலும் கீழுமாக நிற்கும்படி துணியை வைத்தால் வைரம் தானாகவே உயரமாக வரும். ட்சுகரு கொகினின் நெடிய வைரம் அப்படி வருவதுதான். குறுக்கே வெட்டிய துண்டில் பாவும் ஊடையும் இடம் மாறிவிட்டன. துண்டைத் திருப்பித் தைத்தாலும் பையில் அது படுத்தபடிதான் தெரியும். "தறி வீட்டுல பொறந்துட்டு இதை மறந்துட்டேனே அக்கா" என்று அன்று நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு வருபவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, தொடரலாம் என்று நான் சொன்னேன். அவசரத்தில் சொன்ன யோசனை அது. அப்போதே நிறுத்திவிட்டுத் துணியை முழுதாகச் சோதித்திருக்க வேண்டும்.

சாயம்

ஜூன் நடுவில், மழைக்காலம் தொடங்கியிருந்தது. முடித்த 5 துண்டுகளைக் கைப்பட்ட அழுக்குப் போகத் தண்ணீரில் அலசினார். வெள்ளை நூல் ஐந்திலும் வெளிர்நீலமாகிவிட்டது. அம்மா சொன்னபடி உப்புத் தண்ணீரில் ஊற வைத்தோம், அப்புறம் வினிகர். எதுவும் உதவவில்லை. துணியில் பிடிக்காமல் மேலோடு மிஞ்சி நிற்கும் சாயம் கழுவிக் கழுவித்தான் போக வேண்டும். அதைத் தைப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். இன்னும் தைக்காத ஒரு துண்டை வெந்நீரில் அலசிப் பார்த்தோம், நான்காவது தண்ணீரில்தான் தெளிவு வந்தது. அதாவது ஒரு மணி நேர வேலை 30 மணி நேர வேலையைக் காப்பாற்றியிருக்கும்.

அதே வாரம் படத்தைப் பார்த்த பெரியம்மா வேறொன்று சொன்னார்: "நல்ல காரியத்துக்குப் போய் இந்தக் கலரா சாமி?" கருநீலம் கொகினின் உயிர். நம் வீடுகளில் தாலி கட்டும் நாளில் கருப்பை ஒட்டிய நிறத்தை யாரும் கையில் கொடுக்க விரும்புவதில்லை. இரண்டுமே உண்மை. பெரியம்மாவின் பேச்சை மாணவி தடையாக எடுத்துக்கொள்ளவில்லை, முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றுதான் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்குவம் எனக்குப் பிடித்திருந்தது.

எடுத்த முடிவுகள்

ஜூன் கடைசி ஞாயிறு உட்கார்ந்து எல்லாவற்றையும் தாளில் எழுதினோம்.

முதலில் எண்ணிக்கை. ஜூலை கடைசியில் தேர்வுகள் இருந்ததால் ஆகஸ்ட் நடு வரை உண்மையில் மிச்சம் 36 மணி நேரம். வேலையை விட்டுவிட்டுத் தைக்கலாமா என்று யோசித்தார். அறை வாடகை அந்தச் சம்பளத்தில்தான் போகிறது, அதனால் அது வேண்டாம் என்று முடிவானது. கொகின் பை 12 மட்டும், சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கும் மிக நெருங்கியவர்களுக்கும். மற்ற 38 பைகளை அதே அளவில் அரக்கு நிறச் சாதாத் துணியில் அம்மா ஊரில் தைப்பார். வீட்டில் இதைச் சொல்வதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. ஃபோனை எடுக்கவே இரண்டு நாள் ஆனது. அம்மாவோ, "சொன்னியே, அதுவே போதும். நான் தச்சுக்கறேன் விடு" என்று முடித்துவிட்டார்.

அடுத்தது துணி. அரக்குத் துணியில் வெள்ளை நூல் என்றால் மறுபடி சாயப் பயம். எனவே திருப்பிப் போட்டோம்: சாயமே ஏறாத, காடா போன்ற நிறத்தில் உள்ள லினன் துணி, அரக்கு நூல். செண்டாயில் வாங்கிய அந்த லினனில் ஒரு செ.மீ.க்கு பாவு 8, ஊடை 7 இழை. கண்ணுக்குத் தெரியும் இழை. நூலை ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தோம், கறை இறங்கவில்லை. துணியில் 10 செ.மீ. சதுரம் குறித்து வெந்நீரில் அலசிக் காய வைத்தோம், பாவுப் பக்கம் 4 மி.மீ. சுருங்கியது. அதன் பிறகுதான் முழுத் துணியையும் நனைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு, கரையைப் பார்த்து நீளவாக்கில் வெட்டினார். மாதிரித் துண்டு 2 மணி நேரத்தில் முடிந்தது. பையாகத் தைக்க இன்னும் 40 நிமிடம். 12 பைக்கு 32 மணி நேரம், கையில் இருந்த நேரத்துக்குள் அடங்கியது.

மூன்றாவது, கறைபட்ட 5 துண்டுகள். தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை, 30 மணி நேரம் அதில் இருக்கிறது. சென்செய்க்குப் படம் அனுப்பினார். எடுத்துக்கொண்டு வா என்று பதில் வந்தது.

மீண்டும் ஹிரோசாகி

ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே நெப்புதா திருவிழா, அறையே கிடைக்காது. அதனால் ஜூலை இரண்டாம் வாரம், காலைப் பேருந்தில் போய் அன்றே திரும்பும்படி கிளம்பினோம். பனி கிடந்த இடமெல்லாம் ஆப்பிள் தோட்டம். காய்கள் சின்னதாகப் பச்சையாக இருந்தன.

சென்செய் ஐந்து துண்டுகளையும் மேசையில் பரப்பி நெடுநேரம் பார்த்தார். வைரம் படுத்திருப்பதைக் கண்டு, இது அவோமோரியின் கிழக்குப் பக்கத்து ஹிஷிசாஷி மாதிரி இருக்கிறது என்றார். அந்தப் பக்கத்துத் தையலில் வைரம் அகலமாகத்தான் வரும், அவர்கள் இழைகளை இரட்டைப்படையில் எண்ணுவார்கள். பிறகு கறையைத் தொட்டுக் காட்டி அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. அந்தக் காலத்தில் வெள்ளை நூல் அழுக்கேறி மங்கிப்போனால் அந்தச் சட்டையை எறிய மாட்டார்கள். முழுவதையும் நீலச் சாயத்தில் முக்கி, வீட்டில் வயதானவர்கள் உடுத்துவார்கள். தேய்ந்துபோனால் மேலே இன்னொரு முறை தைப்பார்கள்.

அவருக்குத் தெரிந்த ஒருவரின் சாயத் தொட்டிக்குக் கூட்டிப் போனார். அங்கே நீலம் எடுக்கும் செடி நம்மூர் அவுரி அல்ல, வேறு செடி. தரும் நீலம் ஒன்றே. தொட்டியிலிருந்து எடுத்தபோது துண்டுகள் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தன. காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகின. மூன்று முறை முக்கி, தண்ணீர் தெளியும் வரை அலசினோம். துணியும் நூலும் இப்போது இரண்டு நீலம், நூல் ஓடிய இடம் கொஞ்சம் எழும்பி நின்றது. மாணவி ஒரு துண்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடி பேருந்தில் வந்தார்.

திருமணமும் அதன் பிறகும்

12 பைகளும் ஆகஸ்ட் 13ஆம் தேதி முடிந்தன. ஊருக்குப் போனதும் ஒவ்வொன்றின் மூலையிலும் பெரியம்மா மஞ்சள் தடவி வைத்தார். காடா நிறத் துணியில் அது நன்றாக எடுத்துக் காட்டியதாம். சம்பந்தி வீட்டுப் பாட்டி ஒருவர் பையைப் பிரித்து உள்பக்கம் பார்த்து, முடிச்சு எங்கே என்று தேடினார் என்று மாணவி சொன்னார். கொகினில் முடிச்சுப் போடுவதில்லை, நூல் முனையைத் திரும்ப ஓட்டிவிடுவோம். தைக்கத் தெரிந்த ஒருவரின் கண் அப்படித்தான் முதலில் உள்பக்கம் போகும்.

ஒரு குறையும் நேர்ந்தது. 12இல் 2 பைகளின் ஓரம் மண்டபத்திலேயே பிரிந்தது. அரை கிலோ சர்க்கரையையும் சேர்த்து வைத்ததில் பாரம் தாங்கவில்லை. பழைய கணக்கிலேயே தையலுக்கு 7 மி.மீ. துணிதான் விட்டிருந்தார். நெருக்கமான கைத்தறித் துணிக்கு அது போதும். பெரிய இழை லினன் ஓரத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். அம்மா அங்கேயே ஊசி நூல் வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

நீலத்தில் முக்கிய ஐந்தும் திருமணத்துக்குப் போகவில்லை. ஒன்று அப்பாவிடம் இருக்கிறது, கண்ணாடி வைத்துக்கொள்கிறார். ஒன்றை சென்செய்க்கு அனுப்பினார். வெட்டி மிச்சமிருந்த 45 துண்டுகளை நான்கு தண்ணீரில் அலசி, மதிய உணவு டப்பா வைக்கும் பைகளாகத் தைத்து ஆய்வகத் தோழர்களுக்குக் கொடுத்தார்.

இனி மாற்றிச் செய்வது

மாணவி இப்போது எந்த வேலைக்கும் முன்னால் ஒரு உள்ளங்கை அளவு துண்டில் எல்லாவற்றையும் செய்து பார்க்கிறார். கரையை அம்புக்குறியால் குறித்து, இரு பக்கமும் இழை எண்ணி, நனைத்து அளந்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊற வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி தைத்து, கடைசியில் ஓரத்தை நகத்தால் இழுத்துப் பார்க்கிறார். பெரிய இழைத் துணிக்கு ஒன்றரை செ.மீ. விட்டு, ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டுகிறார். அந்தத் துண்டு முடியும் வரை எத்தனை, எப்போது என்று யாருக்கும் சொல்வதில்லை. நிறம் என்ன என்பதை வாங்குகிறவர் வீட்டில் கேட்ட பிறகே துணி எடுக்கிறார்.

என் பக்கத்தில் மாற்றியது ஒன்று உண்டு. ஞாயிறு தையலுக்கு வருகிறவர்கள் ஊருக்கு ஏதாவது செய்து எடுத்துப் போகிறேன் என்றால், முதல் கேள்வியாக வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று கேட்கிறேன். அதற்கு முன் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொடுக்கும் வாக்கில் ஏக்கம் நிறைய இருக்கும். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை, மணிக்கணக்கைக் காட்டிவிட்டால் அவர்களே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

2024 மார்ச்சில் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. தறியில் பாவு இழைகளின் நெருக்கத்தை முடிவு செய்யும் அச்சை மாற்றி, தடித்த நூலில் அப்பா நெய்த 2 மீட்டர் காடாத் துணி, ஒரு செ.மீ.க்கு பாவு 8, ஊடை 7. கண்ணாடிப் பையை வைத்துக்கொண்டு இழை எண்ணிப் பழகியவர், இந்த எண்களை ஃபோனில் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். அவர் மகள் அதிலிருந்து முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி வெந்நீரில் போட்டார். பாவுப் பக்கம் 7 மி.மீ. சுருங்கியது. அந்த அளவை அன்றிரவே அப்பாவுக்கு அனுப்பினார்.